தோட்டத்து மோட்டாருக்கு எந்தத் தொடர்பு: 2ஜி-யா, 4ஜி-யா, லோராவா?

இயந்திரமும் இயந்திரமும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் தொழில்நுட்பம் என்றால் பத்திரிகைகள் தானோட்டிக் காரையும் ரோபோக்கள் நிறைந்த தொழிற்சாலையையும் படம் போடுகின்றன. கொங்குப் பகுதியில் அது பல வருடங்களாகக் கிணற்று மேட்டில், மோட்டார் அறைச் சுவரில், தூசி படிந்த ஒரு தகரப் பெட்டிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் பெட்டி தோட்டக்காரரை அழைக்கும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். மொபைல் ஸ்டார்ட்டர் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழக வேளாண் பொறியியல் துறை மானியத்திலும் தருகிறது. நடுராத்திரி டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் ஈரச் சுவிட்சுக்கும் பயந்து மோட்டார் போட்டவர்களுக்கு அதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2024 முடிவில் இந்தியாவில் இயந்திரங்களுக்கான செல்லுலார் இணைப்புகள் ஆறு கோடியை நெருங்கியிருந்தன. அதில் பாதிக்கு மேல் ஏர்டெல்லிடம் இருந்தது. அவற்றுக்கென்றே 2018-லிருந்து 13 இலக்க எண்கள் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் நம் மோட்டார் அறைப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது வீட்டில் யாரோ பயன்படுத்தி ஒதுக்கிய சாதாரண 10 இலக்க சிம். அவை அந்த ஆறு கோடிக் கணக்கில் வரவே வராது. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கும்போது, கணக்கில் வராத இந்தப் பெட்டிகளையும் சேர்த்தால்தான் வளர்ச்சியின் முழு அளவு தெரியும்.

பழைய பெட்டி பழுதாகிப் புதிது வாங்கப் போகிறவர்களுக்கு இப்போது கடையில் நான்கு விதமான பதில் கிடைக்கிறது. 2ஜி போதும் என்கிறார் ஒருவர். 4ஜி இல்லாமல் வாங்காதே என்கிறார் இன்னொருவர். சிம்மே தேவையில்லை, லோரா என்ற ரேடியோ முறையை வாங்கு என்கிறது இணையக் கடை. சிறு கருவிகளுக்கென்றே வந்த மெதுவான செல்லுலார் முறையான என்பி-ஐஓடிதான் எதிர்காலம் என்று கண்காட்சிகளில் துண்டுப் பிரசுரம் தருகிறார்கள். நால்வரும் வேகம், தூரம் என்று அளந்துகொண்டே போவார்கள். என் பார்வையில் இரண்டுமே இரண்டாம்பட்சம். "ஓடு", "நில்", "தண்ணீர் இல்லை" என்பவற்றுக்குச் சில பைட்டுகள் போதும், எந்த அலையும் அதைச் சுமக்கும். இந்தத் தொடர்பு இன்னும் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், அது யார் கையில் இருக்கிறது, அது அறுந்துபோனால் மோட்டார் என்ன செய்யும் என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

2ஜி-யின் பெரிய பலம் குரல் அழைப்பு. செயலி வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், பொத்தான் போனிலிருந்தே மோட்டாரை ஓட்டலாம். பதிவு செய்த தமிழ்க் குரலில் "மோட்டார் ஓடுகிறது" என்று கேட்டதும் எழுபது வயதுப் பெரியவரும் நிம்மதியாகத் திரும்பிப் படுப்பார். ஜிஎஸ்எம் என்ற இந்த 2ஜி முறையில் கோபுரத்தின் எட்டும் தூரம் கணக்குப்படி 35 கிலோமீட்டர் வரை போகும் என்பதால் ஒதுக்குப்புறத் தோட்டங்களிலும் மெலிதாகவாவது சிக்னல் கிடைத்துவிடுகிறது. பலவீனம் மின்சாரப் பசி. பெட்டிக்குள் சிம்மோடு இயங்கும் ரேடியோப் பலகையான 2ஜி தொகுதி, கோபுரத்தோடு பேசும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பெட்டிக்குள் இருக்கும் சிறு பேட்டரி சோர்ந்துபோயிருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, தொகுதி அணைந்து மறுபடி எழும். எழுந்து பேசப் போனால் திரும்பவும் அணையும். பெட்டியைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பரவலாகப் பயன்படும் சிம்800 வகைத் தொகுதிகளில் ஒரு பொட்டு விளக்கு இருக்கும். அது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை மினுக்கினால் இன்னும் கோபுரத்தைத் தேடுகிறது என்று பொருள், மூன்று விநாடிக்கு ஒரு தடவை மினுக்கினால் பதிந்துவிட்டது. வேக மினுக்கலிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும் பெட்டிக்குச் சிம்மை மாற்றும் முன் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆன்டெனாவைத் தகரப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தால் அதையும் வெளியே எடுத்து விடுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் 2ஜி-க்கு வயதாகிவிட்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2016 முடிவோடு 2ஜி-யை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்தியது. சிங்கப்பூரில் 2017-ல் முடிந்தது. இந்தியாவின் கதை கொஞ்சம் வேறு. ஏர்டெல் 2020-க்குள் 3ஜி-யை மூடிவிட்டு 2ஜி-யை வைத்துக்கொண்டது, பொத்தான் போன் வாடிக்கையாளர்கள் அவ்வளவு பேர் இருந்ததால். தம்பி போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் ஓடிக்கொண்டிருக்கிறார். ஜியோவோ 2016-ல் வந்தபோதே 4ஜி-யோடு மட்டும் வந்தது. அதன் சிம்மை 2ஜி பெட்டியில் போட்டால் எந்த ஜென்மத்திலும் வேலை செய்யாது. ஆகவே 2ஜி இங்கே நாளைக்கே மூடப்படப் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் 2ஜி பெட்டியைப் பீதியில் கழற்றிப் போடுவது வீண் செலவு. புதிதாக வாங்கும்போது 2ஜி மட்டுமே உள்ளதை வாங்குவதும் அதே அளவுக்கு வீண்தான். ஸ்டார்ட்டர் பெட்டியை யாரும் இரண்டு வருடத்துக்காக வாங்குவதில்லை.

அடுத்தது 4ஜி. இதில் பல தரங்கள் உண்டு. நம் கைபேசியில் இருப்பது வேகமான ரகம், இயந்திரங்களுக்கென்று இருப்பது கேட்-1 என்ற மெதுவான ரகம். மெதுவானது என்றாலும் நொடிக்கு 10 மெகாபிட் இறக்கும், மோட்டாருக்கு அது ஆயிரம் மடங்கு அதிகம். ஒரே ஆன்டெனாவோடு வேலை செய்யும் கேட்-1 பிஸ் என்ற வடிவம் வந்த பிறகு தொகுதிகளின் விலை இறங்கியது, 2ஜி பெட்டிகளின் இடத்தை அது பிடிக்கத் தொடங்கியது. வழக்கமான கோபுரங்களே போதும் என்பதால் நிறுவனங்கள் தனியாக எதையும் அமைக்க வேண்டியதில்லை. 4ஜி இன்னும் நெடுங்காலம் இருக்கும் என்று நம்பிக் காசு போடலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய குழிகள் மூன்று.

முதல் குழி வோல்டி. 4ஜி-யில் குரல் அழைப்பு போக வோல்டி வேண்டும். மலிவுத் தொகுதிகள் சிலவற்றில் அது இருக்காது. தரவு 4ஜி-யில் போகும், அழைப்பு வந்தால் மட்டும் தொகுதி 2ஜி-க்கு இறங்கிப் பேசும். பெட்டியின் மேல் 4ஜி என்று கொட்டை எழுத்தில் இருக்கும், மோட்டாரை ஓட்டுவதோ பழைய 2ஜி. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கடையிலேயே ஒரு ஜியோ சிம்மைப் போட்டு அழைத்துப் பாருங்கள். ஜியோவில் இறங்குவதற்கு 2ஜி கிடையாது. பெட்டி எடுத்துப் பேசினால் வோல்டி இருக்கிறது. மணியே அடிக்காவிட்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது குழி செயலி. 4ஜி பெட்டிகள் பலவும் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வர் வழியாகவே உங்கள் கைபேசியோடு பேசும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று வரைபடமெல்லாம் காட்டும், அழகாகத்தான் இருக்கும். அந்த நிறுவனம் நொடித்துப் போனாலோ, வருடச் சந்தா கட்டத் தவறினாலோ பெட்டி ஊமையாகிவிடும். சர்வர் இல்லாமல் நேரடி அழைப்பிலோ குறுஞ்செய்தியிலோ மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் முடிகிறதா என்று கேளுங்கள். முடியாது என்றால் நீங்கள் வாங்குவது கருவியை அல்ல, ஒரு சேவையை வாடகைக்கு எடுக்கிறீர்கள்.

மூன்றாவது குழி சிம். சாதாரண பிரீபெய்டு சிம்மை உயிரோடு வைத்திருக்க ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்குகளைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்ததால், 2025 ஜனவரியில் ஜியோவும் ஏர்டெல்லும் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு 1,750 முதல் 1,850 ரூபாய் வரையில் அப்படிப்பட்ட பேக்குகளைக் கொண்டுவந்தன. செயலி வேண்டாம், அழைப்பு போதும் என்பவர்களுக்கு அது பொருத்தமானது. மோட்டார் மின்சாரம் இலவசம், மோட்டாரோடு பேசத்தான் காசு என்பது நம் ஊர் விசித்திரம். இயந்திரங்களுக்கான 13 இலக்க எம்2எம் சிம் அதைவிட மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதை வாங்குவது பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனம், நீங்கள் அல்ல. அது முன்கூட்டிப் பதிந்த ஒருசில எண்களோடும் சர்வர்களோடும் மட்டுமே பேசும்படி கட்டுப்படுத்தப்பட்டது. மோசடிக்குப் பயன்படக் கூடாது என்பதற்கான நல்ல விதிதான். இருந்தாலும், உங்கள் தோட்டத்தில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் விழவில்லை என்றால் வேறு சிம் மாற்றிப் போடும் சுதந்திரம் போய்விடும். சிம் வெளியே எடுக்கும்படி இருக்கும் பெட்டிக்கே என் ஓட்டு.

என்பி-ஐஓடி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2016-ல் தரம் வகுக்கப்பட்டபோது பத்து வருட பேட்டரி, ஜிஎஸ்எம்மைவிட 20 டெசிபெல் ஆழமாக எட்டும் திறன் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. நிலவறைத் தண்ணீர் மீட்டருக்கு அது நிஜமாகவே நல்ல தேர்வு. ஆனால் ஜப்பானில் டோகோமோ 2020-லேயே அதை மூடிவிட்டது, ஏடி அண்ட் டி 2025-ல் கைவிட்டது. நம் நாட்டில் பீகாரின் ஸ்மார்ட் மீட்டர்களுக்கு ஏர்டெல் என்பி-ஐஓடி கொடுத்தபோதுகூட, தேவைப்பட்டால் 2ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறிக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் கொடுத்தது. லட்சக்கணக்கில் மீட்டர் வாங்கும் மின்வாரியத்துக்கே துணைக்கு ஆள் தேவைப்படுகிறது. அதில் குரல் அழைப்பும் கிடையாது. ஒற்றை மோட்டார் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி லோரா. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்து, 2012-ல் அமெரிக்காவின் செம்டெக் வாங்கிய ரேடியோ முறை இது. சிம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை, கோபுரம் இல்லை. இரண்டு முனையும் உங்களுடையவை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் தொகுதிகள் அமெரிக்கச் சந்தைக்கானவை. அந்த அலைவரிசை இங்கே கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் பட்டையின் விளிம்பில் விழுகிறது. அதை மாட்டினால் சட்டப்படியும் தப்பு, ஊராரின் போனுக்கும் இடைஞ்சல். ஐரோப்பியத் தொகுதிகளின் வழக்கமான 868.1 மெகாஹெர்ட்ஸும் நம் எல்லைக்கு ஒரு நூல் வெளியே நிற்கிறது, வாங்கினால் அலைவரிசையைத் திருத்தி அமைக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றி விற்பவர்கள் சொல்வதைக் கொஞ்சம் வடிகட்டிக் கேட்க வேண்டும். 2017-ல் ஐரோப்பாவில் பலூனில் பறந்த ஒரு லோரா கருவியின் செய்தி 702 கிலோமீட்டர் தாண்டிக் கேட்டது. பலூன் 38 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால் ஆச்சரியம் குறையும். நம் தோப்பு அப்படியில்லை. 865 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அலை தடையின்றிப் போக, பாதையின் நடுவில் நேர்கோட்டைச் சுற்றி ஐந்தரை மீட்டராவது வெட்டவெளி வேண்டும். நெல் வயலிலும் நிலக்கடலைக் காட்டிலும் ஆன்டெனாவை ஒரு குழாயில் ஏற்றிக் கட்டினால் காரியம் முடிந்தது. பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பில் இரண்டு விதமாக நடக்கும். தோப்பு சுத்தமாக இருந்தால் மட்டைகளுக்குக் கீழே வெறும் மரத்தண்டுகள்தான், அலை நுழைந்து போய்விடும். ஊடுபயிராகக் கோகோ அடர்ந்து நின்றால் ஆன்டெனா உயரத்தில் முழுக்க இலை, அதிலும் மழைக்காலத்து ஈர இலை. கோடையில் பொருத்திச் சோதித்துவிட்டு ஐப்பசியில் வேலை செய்யவில்லை என்று திட்டுவதற்குக் காரணம் இதுதான்.

லோராவின் வேகத்தைக் குறைக்கக் குறைக்கத் தூரம் கூடும். அதன் வேகப் படிகளை எஸ்எஃப்7 முதல் எஸ்எஃப்12 வரை வைத்திருக்கிறார்கள். எஸ்எஃப்7-ல் கண்ணிமைக்கும் நேரத்தில் போகும் ஒரு சிறு செய்தி, எஸ்எஃப்12-ல் ஒரு விநாடிக்கு மேல் காற்றில் இருக்கும். ஒன்றிரண்டு வால்வுக்கு இது பொருட்டே அல்ல. நாற்பது சென்சார்கள் ஒரே அலையில் பேசினால் செய்திகள் மோதிக்கொள்ளத் தொடங்கும்.

அதைவிட முக்கியமான நுணுக்கம் ஒன்றை விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. லோராவின் மேல் இயங்கும் வலையமைப்பு முறையான லோராவானில், பேட்டரியில் ஓடும் கருவி எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்காது. தான் ஒரு செய்தி அனுப்பிய பிறகு சில விநாடிகள் மட்டும் கேட்கும், பிறகு தூங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேசும் வால்வுக்கு "மூடு" என்று கட்டளை கொடுத்தால் அது பத்து நிமிடம் வரை காத்திருக்க நேரலாம். மண் ஈரம் அளக்க இது தாராளம். சொட்டுநீர் வால்வுக்கும் பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் எல்லா வால்வும் மூடியிருக்க மோட்டார் மட்டும் ஓடினால் குழாய் வெடிக்கும். ஆகவே வால்வு திறந்துவிட்டது என்ற பதில் வந்த பிறகே மோட்டார் கிளம்ப வேண்டும், மோட்டார் நின்ற பிறகே கடைசி வால்வு மூட வேண்டும். இந்த வரிசையைக் கருவியே பார்த்துக்கொள்கிறதா என்று கேட்காமல் லோரா வால்வு வாங்கக் கூடாது. மின்சாரம் கிடைக்கும் இடத்தில், அதாவது மோட்டார் அறையில், எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் வகையை வைத்துக்கொள்ளலாம்.

லோரா மட்டும் இருந்தால் அது உங்கள் கைபேசியை அழைக்காது. வெளியூரிலிருந்து ஓட்ட வேண்டுமானால் எங்கோ ஓரிடத்தில் சிம் வந்தே தீரும். ஆகவே இதை 4ஜி-க்குப் போட்டியாக வைத்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை, இரண்டுக்கும் வேலை வேறு. ஆழியாற்றுக் கரையிலோ அமராவதிக் கரையிலோ கிணறு, அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் குழாய் போட்டுத் தோட்டத்துத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டு வருபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியதைக் கிணற்று மோட்டாருக்குச் சொல்ல இன்று பலர் இரண்டு சிம் போட்டு, இரண்டுக்கும் ரீசார்ஜ் செய்கிறார்கள், அல்லது ஆள் விட்டுப் பார்க்கிறார்கள். தொட்டியில் ஒரு லோரா, கிணற்றில் ஒரு லோரா என்று இணையாக வைத்தால் போதும். ஊரில் கோபுரம் படுத்துவிட்டாலும் தொட்டி வழியாது.

எல்லாவற்றுக்கும் மேலான மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: தொடர்பு அறுந்தால்? எந்த அலையும் ஒருநாள் அறும். இடி விழும், கோபுரத்துக்கு டீசல் தீரும், எலி ஒயரைக் கடிக்கும். தண்ணீர் வற்றினால் மின்னோட்டம் குறைவதை வைத்து நிறுத்துவது, ஒரு முனை போனால் நிறுத்துவது, அதிகம் இழுத்தால் நிறுத்துவது எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும், சர்வரைக் கேட்டுவிட்டு அல்ல. எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற நேர வரம்பும் உள்ளேயே வேண்டும். லோரா இணையில், தொட்டிப் பக்கத்திலிருந்து சில நிமிடம் குரல் வராவிட்டால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைக்க வேண்டும், செய்தி வராததை "எல்லாம் நலம்" என்று எடுத்துக்கொள்ளும் கருவி ஆபத்தானது. மின்சாரம் திரும்பியதும் உடனே கிளம்பாமல் சிறிது தாமதிக்கும் வசதியும் தேவை. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அத்தனை மோட்டாரும் அதே நொடியில் கிளம்பினால் மின்னழுத்தம் விழும். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நீங்களும் தாமதத்தை வெவ்வேறாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

பாதுகாப்புக்கு ஒரு வரி. வாங்கிய அன்றே கடவு எண்ணை மாற்றுங்கள், பதிந்த எண்களுக்கு மட்டும் பெட்டி பணியும்படி செய்யுங்கள். சிம் எண்ணை மோட்டார் அறைக் கதவில் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

என் பரிந்துரை இது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், வீட்டில் ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லை என்றால் வோல்டி உள்ள 4ஜி பெட்டி, அதிலேயே 2ஜி-யும் இருக்கட்டும், அழைப்பு மட்டும் உள்ள பேக் போதும். கிணறு ஓரிடம், தொட்டி வேறிடம், வால்வுகள் சிதறிக் கிடக்கின்றன என்றால் கிணற்றில் அதே 4ஜி பெட்டி, மற்றதற்கெல்லாம் லோரா. கோபுரமே எட்டாத மலையடிவாரத் தோட்டத்தில், வீட்டிலிருந்து கிணறு வரை லோரா இணை மட்டும் போடலாம், வெளியூரிலிருந்து ஓட்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். செயற்கைக்கோள் வழிக் கருவிகள் ஆழ்கடல் படகுக்கு அர்த்தமுள்ளவை, ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு அல்ல.

பொருத்த வருபவரிடம் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஒரு சோதனை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றாமல் சிம்மை மட்டும் உருவிவிடச் சொல்லுங்கள், லோராவாக இருந்தால் தொட்டிப் பக்கக் கருவியை அணைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வைத்த நேர வரம்பில் மோட்டார் தானாக நின்றால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.